ஜார்ஜியாவில் 38 ஏக்கர் பருத்தி, கடலை நிலத்தை லாங்லீஃப் பைன் காடாக்க வேண்டும்: எங்கே தொடங்குவது?

ஊசியிலை:

வணக்கம் நண்பர்களே. நிலம் தென்மேற்கு ஜார்ஜியாவில், கடலோரச் சமவெளிப் பகுதி. மொத்தம் 38 ஏக்கர். பருத்தியும் நிலக்கடலையும் மாறி மாறிப் போட்டது. கடைசி 2 வருடம் சும்மா கிடந்ததில் சுமார் 9 ஏக்கரை அருகம்புல் பிடித்துவிட்டது. கிழக்கு ஓரத்தில் 4 ஏக்கர் பாஹியா புல். மற்ற இடமெல்லாம் ஆண்டுக்களை, நடுநடுவே புரூம்செட்ஜ் புல் தூர்கள்.

மண் டிஃப்டன் வகை: மேலே மணல், ஓரடிக்குக் கீழே களி சேர்கிறது. மழை பெய்த மறுநாள் இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்ததில் அநேக இடங்களில் 9, 10 அங்குலத்தில் தடுக்கிறது. மண் பரிசோதனையில் பி.எச். 6.3, பாஸ்பரஸ் அதிகம். சரிவு 2 முதல் 3 சதவீதம்.

மர விற்பனை முதல் நோக்கமில்லை. லாங்லீஃப் பைன், அதன் கீழே அந்த மண்ணுக்குரிய புல், காடை, ஆமை எல்லாம் திரும்ப வரவேண்டும். வரும் டிசம்பரிலேயே நடலாமா? மேல்மண்ணைச் சீவி எடுக்க வேண்டும் என்கிறார்கள், அது அவசியமா? ஏக்கருக்கு எத்தனை கன்று? லாங்லீஃப் காட்டின் அடிப்புல்லான வயர்கிராஸ் விதையைக் கூடவே தூவலாமா? முதல் தீ எப்போது வைப்பது? இப்போது ஏப்ரல் நடக்கிறது என்பதை வைத்துச் சொல்லுங்கள்.

மண்வெட்டி:

வணக்கம். விவரம் தெளிவாகக் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். அருகு இல்லாத பகுதியை வரும் டிசம்பரில் நடலாம். அருகு பிடித்த 9 ஏக்கரை அதற்கடுத்த டிசம்பருக்குத் தள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் அவசரப்பட்டால் கன்றுக்கும் கூலிக்கும் கொடுத்த பணம் மண்ணோடு போகும்.

காரணம் லாங்லீஃபின் வளர்ச்சி முறை. லோப்லாலி, ஸ்லாஷ் பைன்கள் நட்ட வருடமே தண்டு விட்டு மேலே போகும். லாங்லீஃப் போகாது. குருத்து தரையோடு தரையாக இருக்க, சுற்றிலும் நீள ஊசிகள் மட்டும் வளர்ந்து புல் தூர் மாதிரி உட்கார்ந்திருக்கும். இதைப் புல் நிலை என்பார்கள். உள்ளே ஆணிவேர் இறங்கிக்கொண்டிருக்கும். வேரும் தண்டும் சேரும் வேர்க்கழுத்து ஏறக்குறைய 1 அங்குலம் பருத்த பிறகுதான் தண்டு எழும். களை இல்லாத இடத்தில் அதற்கு 2, 3 வருடம். களை அடர்ந்த இடத்தில் 6, 7 வருடம், சில கன்று எழாமலே சாகும். அத்தனை நாளும் அது பக்கத்துப் புல்லின் உயரத்திலேயே நின்று வெயிலுக்கும் தண்ணீருக்கும் போட்டி போட வேண்டும். அருகின் வேர் மேல்மண்ணின் ஈரத்தை முழுதாக உறிஞ்சிவிடும். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகுதான். இங்கே மேய்ச்சலுக்கும் வைக்கோலுக்குமாகப் பரப்பப்பட்டது.

அருகைக் கொல்லும் முறை: பழைய காய்ந்த புல்லை இப்போதே வெட்டி அகற்றுங்கள். புதுத்தளிர் 6 அங்குலத்துக்கு மேல் வந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது, ஜூன் வாக்கில் கிளைஃபோசேட் களைக்கொல்லி முதல் தெளிப்பு. வறட்சியில் வாடி நிற்கும் புல்லில் தெளித்தால் மேலே கருகும், கீழே வேர்த்தண்டு அப்படியே இருக்கும். பலர் சறுக்குவது இங்கேதான். மேலே பழுப்பானதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று டிஸ்க் கலப்பை ஓட்டிவிடுவார்கள். துண்டான ஒவ்வொரு கணுவும் ஒரு புதுச்செடி. இரண்டாம் தெளிப்பு ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர். அப்போது செடி இலையில் செய்த உணவைக் கீழே இறக்கும், மருந்தும் கூடவே இறங்கும். இந்தச் சுற்றில் கிளைஃபோசேட்டோடு இமாஸபைர் என்ற இன்னொரு களைக்கொல்லியைச் சேர்ப்பது வழக்கம்.

இமாஸபைர் மண்ணில் தங்கும். லோப்லாலியைவிட லாங்லீஃபுக்கு அது ஆகாது. தெளித்து 3 மாதமாவது கழித்துத்தான் நடவு. வேலியோரம் ஓக் அல்லது பீக்கன் மரம் இருந்தால் அவற்றின் வேர் பரவிய இடத்தில் இமாஸபைர் வேண்டவே வேண்டாம். வேர் வழியாக ஏறி மரத்தைக் கொன்றுவிடும். அளவு எல்லாம் லேபிளில் உள்ளபடி. இங்கே லேபிளை மீறுவது சட்டப்படி குற்றம். பாஹியாவுக்கு மெட்சல்ஃப்யூரான் நன்றாக வேலை செய்யும், ஆனால் பென்சகோலா ரகத்துக்கு மட்டும். அர்ஜென்டைன் ரகம் பெரிதாக அசையாது. எந்த ரகம் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அடுத்தது கம்பி தடுக்கிற அந்த 10 அங்குலம். வருடாவருடம் ஒரே ஆழத்தில் உழுததால் வந்த கடினத்தட்டு. ஆணிவேரை நம்பி வாழும் மரத்துக்கு அது கான்கிரீட் தளம் போல. செப்டம்பர், அக்டோபரில் மண் காய்ந்திருக்கும்போது ஒற்றை உளிக்கலப்பையை 16 முதல் 18 அங்குலம் இறக்கி இழுங்கள். ஈரத்தில் இழுத்தால் தட்டு உடையாது, கத்தி போட்ட மாதிரி வெறும் கீறல்தான் விழும். இழுத்த பிறகு 2 மாத மழையாவது பெய்து மண் அமர வேண்டும். கன்றை அந்தக் கீறலுக்குள்ளேயே நடக் கூடாது, 3 அங்குலம் தள்ளி நடுங்கள். கீறலில் நட்டால் மண் இறங்கும்போது கன்றும் இறங்கிக் குருத்து புதையும், அல்லது வேருக்கடியில் காற்றுப்பொந்து விழும்.

மேல்மண் சீவல்: உங்கள் நிலத்துக்கு அவசியம். 30 முதல் 36 அங்குல அகலம், 3 அங்குல ஆழம், மண் இரு பக்கமும் புரண்டு விழ வேண்டும். களை விதை, புல்லின் வேர், உரம் ஏறிய மேல்மண் எல்லாம் அந்தப் பட்டையிலிருந்து வெளியே போகும். கடலை போட்ட நிலம் என்பதால் இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளைக்கரை வண்டு என்ற கூன்வண்டின் புழுக்கள் பழைய கடலை நிலங்களில் தங்கியிருந்து கன்றின் ஆணிவேரைக் கடித்துவிடும். மண்வெட்டியால் ஆங்காங்கே வெட்டிப் பாருங்கள். காலில்லாத, வளைந்த, வெளிர்மஞ்சள் புழு, அரை அங்குலம் வரை இருக்கும். பயறு வகைகள் அந்த வண்டுக்கு விருந்து. எனவே நடவுக்கு முன் மண்ணுக்கு நல்லது என்று குளோவர் மாதிரி எதுவும் போடாதீர்கள்.

சீவலைச் சரிவுக்குக் குறுக்காகவே ஓட்ட வேண்டும். 2 சதவீதச் சரிவிலேயே, மேலிருந்து கீழாக ஓட்டிய சால் ஒரு பெருமழையில் ஓடையாகிவிடும். குறுக்கே ஓட்டினாலும் இடையிடையே கலப்பையைத் தூக்கி மண் தடுப்பு விடுங்கள். தண்ணீர் நிற்கும் பள்ளங்களில் சீவ வேண்டாம்.

கன்று: குழித்தட்டு நாற்றுதான் வாங்க வேண்டும், வெறும்வேர் நாற்று இந்த மரத்துக்குப் பிழைப்பது குறைவு. வேர்க்கழுத்து குறைந்தது கால் அங்குலம், வேர்க்கட்டி உருவினால் உதிராமல் இருக்க வேண்டும், நுனியில் வெள்ளை வேர் தெரிய வேண்டும், குருத்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். இடைவெளி 8 அடிக்கு 12 அடி, அதாவது வரிசைக்கு வரிசை 12. ஏக்கருக்கு 454 வரும். தீத்தடுப்புக் கோடுகளுக்கு ஒன்றரை, 2 ஏக்கர் போனால் 36 ஏக்கருக்கு 16,344 கன்று. 6 அடிக்கு 12 அடி என்றால் 605. மரத்துக்காக நடுபவர்கள் அப்படிப் போகிறார்கள். புல் வேண்டும் என்கிற நீங்கள் போக வேண்டாம். வரும் டிசம்பருக்கான கன்றை இப்போதே பதிவு செய்யுங்கள். கோடைக்குள் நல்ல நாற்றெல்லாம் போய்விடும்.

நடவு ஆழம்தான் பிழைப்பதையும் சாவதையும் தீர்மானிக்கும். சீவிய சாலில் நடும்போது வேர்க்கட்டியின் மேல்பகுதி அரை அங்குலம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். பார்ப்பதற்குத் தவறாக நட்டது போல இருக்கும், கூலிக்கு நடுபவர்கள் அமுக்கி விடுவார்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள். மழையில் சாலுக்குள் வண்டல் இறங்கும். தரைமட்டத்துக்கு நட்ட கன்றின் குருத்து முதல் மழையிலேயே மூடி, அழுகும். கொஞ்சம் மேலே நிற்கிற கன்றுக்கு அந்த வண்டல் சரியாக வந்து சேரும். முதல் பெருமழைக்குப் பிறகு வரிசை வரிசையாக நடந்து, மூடிய குருத்துகளை விரலால் துடைத்து விடுங்கள்.

பி.எச். 6.3 கொஞ்சம் அதிகம், ஆனால் அதற்காக எதுவும் செய்ய வேண்டாம். சுண்ணாம்பை நிறுத்தினால் தானே இறங்கும். உரம் ஒரு பிடிகூடப் போடாதீர்கள், களைதான் தின்னும்.

கொழிஞ்சி:

மண்வெட்டி சொன்ன நிலத் தயாரிப்பில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மரத்தை முதலில் நட்டுவிட்டுப் புல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. இந்தக் காட்டில் மரம் எளிய பாதி. கடினமான பாதி தரையில் இருக்கிறது.

வர்ஜீனியாவிலிருந்து கிழக்கு டெக்சஸ் வரை சுமார் 9 கோடி ஏக்கரில் இருந்த லாங்லீஃப் காட்டில் இன்று எஞ்சியது 50 லட்சம் ஏக்கர் அளவில்தான். அதிலும் அடிப்புல் முழுமையாக உள்ளது ஒரு சிறு பங்கு. ஒருமுறை உழுத நிலத்தில் மரம் நட்டால் மரம் வரும், வயர்கிராஸ் வராது. தென் கரோலினாவின் சவானா ஆற்று வளாகத்தில் 1950-களின் தொடக்கத்தில் கைவிட்ட வயல்களில் இன்று பெரிய பைன்கள் நிற்கின்றன. அவற்றின் கீழே உள்ள செடிவகைகளும், உழாத பக்கத்துக் காட்டின் செடிவகைகளும் இன்னும் வேறுவேறாகவே இருக்கின்றன. வயர்கிராஸ் விதை தாய்த்தூரை விட்டு அதிக தூரம் போகாது, மண்ணில் விதைச் சேமிப்பாகவும் நிலைக்காது. எனவே நாம் கொண்டுபோய் வைத்தால்தான் உண்டு.

முதலில் எந்தப் புல் உங்கள் இடத்துக்குரியது என்று தெரிய வேண்டும். ஜார்ஜியா, ஃபுளோரிடாவில் உள்ள வயர்கிராஸ் அரிஸ்டிடா பேரிக்கியானா. வட கரோலினாப் பக்கம் உள்ளது அரிஸ்டிடா ஸ்ட்ரிக்டா. மேற்கே லூசியானா, டெக்சஸ் போனால் வயர்கிராஸே கிடையாது, அங்கே லிட்டில் புளூஸ்டெம்தான் அரசன். உங்களுக்கு: வயர்கிராஸ், லிட்டில் புளூஸ்டெம், ஸ்ப்ளிட்பியர்ட் புளூஸ்டெம், லாப்சைடட் இண்டியன்கிராஸ். பூச்செடிகளில் பார்ட்ரிட்ஜ் பீ, அது ஆவாரையின் உறவு, பூவும் அதே மஞ்சள். கோட்ஸ் ரூ என்கிற டெஃப்ரோசியா, நம்மூர்க் கொழிஞ்சியின் பேரினம். வண்டுப் பிரச்சினைக்காக இந்தப் பயறு வகைகளை மட்டும் பைன் கன்று நின்ற பிறகு, இரண்டாம், மூன்றாம் வருடத்தில் போடுங்கள்.

விதை வாங்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, விதை எங்கே அறுத்தது என்று கேளுங்கள். கான்சஸ் பக்கம் அறுத்த லிட்டில் புளூஸ்டெம் விலை குறைவாகக் கிடைக்கும். இங்கத்திய பருவத்துக்கு அது ஒத்துவராது. அதேபோல் தீவனத்துக்காகத் தேர்ந்தெடுத்த ஆளுயரச் சுவிட்ச்கிராஸ் ரகங்கள் வேண்டாம். நிழலடித்துக் கன்றைக் கொல்லும், காடை நடமாடவும் இடம் விடாது. இரண்டு, எடையை நம்பாதீர்கள், சீட்டில் பி.எல்.எஸ். (உயிருள்ள தூய விதை) என்று இருப்பதைப் பாருங்கள். தூய்மையை முளைப்புத்திறனால் பெருக்கிய எண் அது. தூய்மை 60 சதவீதம், முளைப்பு 50 சதவீதம் என்றால் பி.எல்.எஸ். 30 சதவீதம். ஏக்கருக்கு 5 பவுண்டு பி.எல்.எஸ். வேண்டுமென்றால் மூட்டைக்கணக்கில் 16.7 பவுண்டு வாங்க வேண்டும். வயர்கிராஸில் இந்த விகிதம் இன்னும் மோசமாகத்தான் இருக்கும். வசந்தகாலக் கடைசியிலோ கோடைத் தொடக்கத்திலோ எரிந்த தூர்தான் நல்ல விதை பிடிக்கும். குளிர்காலத்தில் எரித்த இடத்தில் அறுத்த மூட்டையில் பெரும்பாலும் வெறும் உமிதான். அறுவடை நவம்பர், டிசம்பர் தொடக்கம். எந்த மாதம் எரித்த நிலத்தின் விதை என்று விற்பவரைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

ஒரு வயர்கிராஸ் விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஏன் சாதாரண விதைப்புக் கருவி திணறுகிறது என்று புரியும். மெல்லிய ஊசி போன்ற மணி, நுனியில் மூன்றாகப் பிரியும் நீண்ட முடி. நூறு விதை சேர்ந்தால் பஞ்சுருண்டை மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், குழாயில் இறங்காது. பஞ்சு விதைக்கென்று கிளறுபல் வைத்த பெட்டி உள்ள டிரில் என்கிற வரிசை விதைப்புக் கருவி வாடகைக்குக் கிடைக்கும். இல்லாவிட்டால் வைக்கோல் ஊதும் இயந்திரத்தால் ஊதி, மேலே உருளை ஓட்டி அழுத்துவார்கள். ஆழம் கால் அங்குலத்துக்கு மேல் கூடாது. விதைத்த பின் மூன்றில் ஒரு பங்கு விதை மேலேயே தெரிந்தால் சரியாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். நிலம் முன்பே இறுகியிருக்க வேண்டும். நடந்தால் செருப்புத் தடம் பதிய வேண்டும், கால் அமிழக் கூடாது. காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி.

இனி மண்வெட்டியோடு நான் வேறுபடும் இடம். அருகு இல்லாத இடத்தையும் இந்த டிசம்பரில் நடாதீர்கள் என்பேன். முழு நிலத்திலும் 2 பருவம் களையெடுத்து, புல்லை முதலில் விதைத்து, அது பிடித்த பிறகு பைனை நடுவது நல்லது. பைன் வந்துவிட்டால் பிறகு எல்லா மருந்தும் பைனைக் காப்பதற்கே தெளிக்கப்படும். முதல் வசந்தத்தில் தெளிக்கிற ஹெக்ஸசினோன், சல்ஃபோமெட்யூரான் கலவை அப்போது முளைத்த புல் நாற்றையும் கொல்லும்.

மண்வெட்டி:

கொழிஞ்சி அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2 பருவம் காத்திருக்க முடிந்தால் அதுவே மேல். ஆனால் காத்திருக்கும் நிலமும் சும்மா இருக்காது. வேலியோரத்திலிருந்து லோப்லாலி பைனும் ஸ்வீட்கம் மரமும் விதை போட்டு ஏறும். அதையும் கணக்கில் வையுங்கள்.

12 அடி வரிசை சொன்னதற்கு இதுவும் காரணம். மருந்தை நிலம் முழுக்கத் தெளிக்க வேண்டியதில்லை. கன்று வரிசையில் 4 அடிப் பட்டை மட்டும் தெளித்தால் நடுவில் 8 அடி புல்லுக்கு விட்டுவிடலாம். 36 ஏக்கரில் மூன்றில் இரண்டு பங்கு, 24 ஏக்கர். அக்கா கணக்குப்படி 120 பவுண்டு பி.எல்.எஸ்., மூட்டையில் 400 பவுண்டு. டிரில் ஓட்டவும் 8 அடி போதும். ஹெக்ஸசினோன் அளவு மண்ணின் மணற்தன்மையைப் பொறுத்தது. உங்கள் நிலத்தில் மணல் கூடின மேட்டில் களிமண்ணுக்கான அளவைப் போட்டால் பைனே கருகும். மேட்டுக்கும் தாழ்வுக்கும் தனித்தனியாக அளந்து கொள்ளுங்கள்.

கொழிஞ்சி:

பட்டைத் தெளிப்பு என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஒரு நிபந்தனை: காற்றில்லாத காலை நேரம், தாழ்வான முனை. மருந்து பக்கத்துக்கு அடித்தால் 8 அடி 5 அடியாகிவிடும்.

விதைக்குப் பணம் போதவில்லை என்றால் வயர்கிராஸை மட்டும் குழித்தட்டு நாற்றாக நடலாம். 3 அடிக்கு 3 அடி என்றால் ஏக்கருக்கு 4,840. முழு நிலத்துக்கும் அது கட்டாது. எனவே ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள திட்டுகளாக, திட்டுக்கு 484 நாற்று வைத்து, ஆங்காங்கே தாய்த்திட்டுகளாக விடுங்கள். பிற்பாடு மே மாதத் தீ கண்ட வருடங்களில் அவை விளிம்பிலிருந்து மெல்லப் பரவும். இடைவெளியை லிட்டில் புளூஸ்டெம் நிரப்பும், புரூம்செட்ஜ் கேட்காமலே வரும். புரூம்செட்ஜை வெறுக்க வேண்டாம், முதல் தீ ஓடுவதற்கு அதுதான் எரிபொருள்.

முதல் வருடம் களைதான் கண்ணுக்குத் தெரியும், விதைத்த புல் அடியில் 3 அங்குலத்தில் இருக்கும். போச்சு என்று திரும்ப உழுதுவிடாதீர்கள். நடுப்பட்டையில் மட்டும், 8 முதல் 10 அங்குல உயரத்தில் அறுப்பான் ஓட்டி வெளிச்சம் விடுங்கள்.

தீக்கோடு:

தீ பற்றிக் கேட்டிருந்தீங்க, அதை மட்டும் சொல்றேன்.

தீ இல்லாம இந்தக் காடு கிடையாது. 2, 3 வருஷத்துக்கு ஒரு தடவை எரியணும். மூணு வருஷம் தாண்டினா ஸ்வீட்கம், ஓக் புதர் ஏறிடும், புல் மேல நிழல் விழும். ஆனா முதல் தீயோட நேரம் வருஷக்கணக்குல வராது, கன்றைப் பார்த்துத்தான் முடிவு செய்யணும்.

புல் நிலைக் கன்றுல குருத்தைச் சுத்தி ஈரமான ஊசிகள் அடர்த்தியா மூடியிருக்கும். தீ ஒரே இடத்துல நின்னு எரியாம கடந்து போனா ஊசி எரியும், குருத்து பிழைக்கும், சில வாரத்துல நடுவுல பச்சை வந்துடும். இதுக்கு வேர்க்கழுத்து குறைஞ்சது அரை அங்குலமாவது இருக்கணும். பொதுவா நட்ட ரெண்டாவது அல்லது மூணாவது குளிர்காலம். ஜனவரி, பிப்ரவரி, மழை பெஞ்சு 1, 2 நாள் கழிச்சு, ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம், மணிக்கு 5 முதல் 10 மைல் நிலையான காற்று. காத்தை எதிர்த்து மெல்ல நகர்ற தீ மட்டும்தான். புதுசா எரிக்கிறவங்க பயந்துபோய்க் காத்தே இல்லாத நாளைத் தேர்ந்தெடுப்பாங்க, அது தப்பு. காத்து இல்லேன்னா தீ நின்னு எரியும், சூடு நேரா மேல போய்க் குருத்தைக் கருக்கும், புகையும் போக்கிடம் தெரியாமச் சாலையில இறங்கும்.

ஆபத்தான பருவம் குருத்து தரையை விட்டு எழும்பி அரை அடியிலருந்து 4 அடிக்குள்ள இருக்கும்போது. அப்போ குருத்து சரியா தீநாக்கு உயரத்துல நிக்கும், தண்டுத் தோலும் மெல்லிசு. 6 அடி தாண்டிட்டா மறுபடி பயமில்லை.

தீத்தடுப்புக் கோடு 10 அடி அகலத்துக்கு வெறும் மண்ணா, சுத்திலும், நடுவுலயும் ஒண்ணு. நிலம் ரெண்டு பாகமா இருந்தா மாத்தி மாத்தி எரிக்கலாம். எரியாத பாதியில காடைக்கு மறைவிடம் இருக்கும். ஜார்ஜியா வனத்துறையோட அனுமதி எரிக்கிற அன்னைக்கே வாங்கணும். முதல் ரெண்டு தீயைச் சான்று பெற்ற எரிப்பாளரை வச்சு எரிங்க.

ஊசியிலை:

அனைவருக்கும் மிக்க நன்றி. கொழிஞ்சி அக்கா சொன்னபடி 2 பருவம் காத்திருக்க முடிவு செய்துவிட்டேன். ஒரு சந்தேகம் தீக்கோடு சார். எல்லாக் கன்றும் ஒரே நேரத்தில் எழும்பாது என்று படித்தேன். மூன்றாம் வருடம் பாதி புல் நிலையிலும் மீதி 2 அடியிலும் நின்றால் எரிப்பதா, வேண்டாமா?

தீக்கோடு:

100 கன்றைக் குறுக்கா நடந்து எண்ணுங்க. அந்த ஆபத்தான உயரத்துல இருக்கறது 20, 25 தாண்டினா அந்த வருஷம் விடுங்க. எரிக்காத வருஷத்துல வரிசை நடுவுல அறுப்பான் ஓட்டினா எரிபொருள் குறையும்.

ஒரு விதிவிலக்கு. ஊசிகள்ல மஞ்சள் வளையத்தோட பழுப்புப் புள்ளி வந்து, நுனியிலருந்து காஞ்சுகிட்டே வந்தா அது பழுப்புப் புள்ளி நோய். புல் நிலைக் கன்றுகள்ல பரவலா இருந்தா எரிச்சே ஆகணும். பூஞ்சை அந்த ஊசியிலயும் கீழ விழுந்த சருகுலயும்தான் இருக்கு, குளிர்காலத் தீ ரெண்டையும் துடைச்சிடும். விட்டா வருஷா வருஷம் ஊசி உதிர்ந்து கன்று எழும்பவே எழும்பாது. எழும்பின கொஞ்சத்தை இழந்தாலும் மிச்சம் காப்பாத்தலாம்.

வேலிக்கல்:

யாரும் தொடாத சில விஷயங்கள்.

அமெரிக்க விவசாயத் துறையின் நில ஒதுக்கீட்டுத் திட்டத்தில் (சி.ஆர்.பி.) லாங்லீஃபுக்கென்றே ஒரு பிரிவு 2006 முதல் இருக்கிறது. 10 முதல் 15 வருட ஒப்பந்தம், வருட வாடகை, நடவுச் செலவில் பங்கு. பயிர் செய்த வரலாறு, நிலம் உங்கள் பெயரில் இருக்கும் காலம் இரண்டையும் பார்ப்பார்கள். ஒப்புதல் வரும் முன் வேலையைத் தொடங்கினால் அந்தச் செலவுக்குப் பணம் கிடைக்காது. மாவட்ட அலுவலகத்தில் ஜூன் தெளிப்புக்கு முன்பே பேசிவிடுங்கள்.

இயந்திரத்தை உள்ளே விடும் முன் சக்கரத்தையும் கலப்பையையும் கழுவச் சொல்லுங்கள். கோகன் புல் அப்படித்தான் வருகிறது. தர்ப்பை என்று நாம் சொல்லும் புற்களில் ஒன்றான இம்பெராட்டா அது. இலையின் நடுநரம்பு வெளிறி, நடுவை விட்டுக் கொஞ்சம் ஒருபக்கமாக ஒதுங்கியிருக்கும், வசந்தத்தில் வெண்பஞ்சுக் கதிர் விடும். ஒரு திட்டு கண்டாலும் உழாதீர்கள், எரிக்காதீர்கள். தீ அதை ஊக்குவிக்கும், அதன் சூடு பைன் கன்றுகளையும் கொல்லும். இடத்தைக் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

காட்டுப்பன்றி ஒரே இரவில் வரிசை வரிசையாகக் கன்றைத் தோண்டி வேர்ப்பட்டையைத் தின்னும். அந்தப் பக்கம் நடமாட்டம் இருந்தால் நடவுக்கு முன்பே பொறிக்கூண்டு வைக்க வேண்டும். கோஃபர் ஆமை வளை ஏதாவது இருக்கிறதா என்று வேலியோரம் நடந்து பாருங்கள். அரைவட்ட வாய், முன்னால் மணல் மேடு. சுற்றி 25 அடிக்குக் கொடி நட்டு, உளிக்கலப்பையும் சீவலும் அதற்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வளைக்குள் பாம்பு, தவளை, பூச்சி என்று நூற்றுக்கணக்கான உயிர்கள் ஒதுங்குகின்றன.

பைன் சருகுக்கு நல்ல விலை உண்டு, 8, 10 வருடத்தில் ஆட்கள் கேட்டு வருவார்கள். வாரவிட்டால் தீக்கு எரிபொருளும் போகும், விதைத்த புல்லும் வேரோடு போகும்.

ஊசியிலை:

இதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. கடைசியாக ஒன்று. செப்டம்பர் தெளிப்புக்குப் பிறகு அருகு உண்மையாகவே செத்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குளிர் வந்தால் உயிரோடு இருப்பதும் பழுப்பாகத்தானே தெரியும்?

மண்வெட்டி:

மேலே பார்த்துச் சொல்ல முடியாது, தோண்டித்தான் பார்க்க வேண்டும். தெளித்து 5, 6 வாரம் கழித்து, ஒரு சதுர அடி, 6 அங்குல ஆழத்துக்கு மண்வெட்டியால் கட்டியாக எடுங்கள். 9 ஏக்கருக்குப் பத்து, பன்னிரண்டு இடம். மண்ணை உதிர்த்து வேர்த்தண்டுகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக ஒடியுங்கள். உள்ளே வெள்ளையாக, வெள்ளரிப்பிஞ்சு மாதிரி சட்டென்று ஒடிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, நார் நாராக, உள்ளீடற்றுப் பிய்ந்தால் செத்தது.

சந்தேகமானதை இரண்டு கணு வீதம் வெட்டி, ஈரமணல் போட்ட தட்டில் அரை அங்குலம் புதைத்து, வீட்டுக்குள் வெதுவெதுப்பான ஜன்னலோரம் வையுங்கள். 3 வாரம் தண்ணீர் தெளியுங்கள். ஐம்பது துண்டில் இரண்டு, மூன்று துளிர்த்தாலும் அடுத்த மே மாதம் அந்த இடம் மறுபடி பச்சையாகும். துளிர்த்த கட்டி எந்த இடத்திலிருந்து வந்தது என்று வரைபடத்தில் குறித்து வையுங்கள். இரண்டாம் பருவத் தெளிப்பு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.